பழசு என்று யார் முடிவு செய்வது? வால் துடுப்பிலிருந்து விண்டோஸ் வரை

நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு பொருள் எந்த நாளில் பழசாகிறது? தேய்ந்தால் பழசு, உடைந்தால் பழசு. தாத்தா பாட்டி காலத்துக் கணக்கு அதுதான். அம்மிக்கல்லைப் பார்த்து "இது போன வருஷத்து மாடல்" என்று யாரும் முகம் சுளித்ததில்லை. ஆனால் கார், கணினி என்று வந்துவிட்டால் இந்தக் கணக்கு செல்லுபடியாவதில்லை.

2025 அக்டோபர் 14 அன்று உலகம் முழுக்கக் கோடிக்கணக்கான கணினிகள் ஒரே நாளில் பழசாகிப் போயின. அவற்றில் ஒரு திருகுகூடக் கழலவில்லை. விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கு மைக்ரோசாஃப்ட் அளித்துவந்த வழக்கமான இலவச ஆதரவு அன்றோடு முடிந்தது, அவ்வளவுதான். முந்தைய நாள் வரை நல்ல மடிக்கணினி, மறுநாள் காலையில் "இதை மாத்திடுங்க சார்".

கணக்குப்பதிவியல் பாடத்தில் ஒரு சொத்தின் மதிப்பு குறைய இரண்டு காரணங்கள் சொல்வார்கள். ஒன்று தேய்மானம், பயன்படுத்திப் பயன்படுத்தித் தேய்வது. இன்னொன்று வழக்கொழிதல், அதைவிட நல்லது சந்தைக்கு வந்துவிடுவதால் மதிப்பு இழப்பது. முதலாவதை இயற்கை பார்த்துக்கொள்ளும். இரண்டாவதை மனிதர்கள் திட்டமிட்டே செய்யலாம் என்பதை ஒரு தொழில் முறையாக்கிக் காட்டியவர்கள் கணினிக்காரர்கள் அல்ல, கார்க்காரர்கள். கதை ஏறத்தாழ நூறு வருடத்துக்கு முந்தையது.

கறுப்புக் காரின் வெற்றியும் தோல்வியும்

1908-ல் ஹென்றி ஃபோர்டு 'மாடல் டி' காரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். விலை சுமார் 850 டாலர். 1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் நகரும் அசெம்பிளி லைன் வந்தது. அதன் பிறகு உற்பத்தி ஏறிக்கொண்டே போக, விலை இறங்கிக்கொண்டே போனது. 1920-களின் நடுவில் அதன் மிக மலிவான வகை 300 டாலருக்கும் கீழே கிடைத்தது. 1914-லிருந்து 1925 வரை ஒரே நிறம்தான், கறுப்பு. மொத்தம் 1.5 கோடிக்கும் மேலான கார்கள் விற்றன.

ஃபோர்டின் சிந்தனை எளிமையானது. கார் ஒரு கருவி. கலப்பையை வருடா வருடம் யாராவது புது டிசைனில் கேட்பார்களா? நல்ல கருவியை ஒரு முறை வடிவமைத்துவிட்டால் போதும், பிறகு செய்ய வேண்டிய ஒரே வேலை விலையைக் குறைப்பது. இந்தச் சிந்தனையால்தான் அமெரிக்க விவசாயிகளும் தொழிலாளிகளும் கார் வாங்க முடிந்தது.

ஆனால் இந்தக் கணக்கில் ஓர் ஓட்டை இருந்தது. 1920-களின் நடுவில், கார் தேவைப்பட்ட குடும்பங்களில் பெரும்பாலானவற்றிடம் கார் வந்துவிட்டது. இனி வரப்போகிறவர் முதல் கார் வாங்குபவர் அல்ல, இருக்கும் காரை மாற்றுபவர். ஓடுகிற காரை அவர் எதற்கு மாற்ற வேண்டும்? புது மாடல் டி-யும் பழைய மாடல் டி-யும் பார்க்க ஒரே மாதிரிதானே இருக்கின்றன! அதே பணத்துக்கு ஒரு செகண்ட் ஹேண்ட் பெரிய கார் கிடைக்கும்போது புதிய மாடல் டி எதற்கு?

விற்று விற்றே சந்தையை நிரப்பிவிட்டார் ஃபோர்டு. அவருடைய காருக்குப் பெரிய போட்டியே அவர் முன்பு விற்ற கார்தான்.

ஸ்லோனின் ஏணி

இந்த ஓட்டையைப் பார்த்தவர் ஆல்ஃபிரட் ஸ்லோன். 1923-ல் ஜெனரல் மோட்டார்ஸின் தலைவரானவர். விலையில் ஃபோர்டோடு மோதினால் ஜெயிக்க முடியாது என்று அவருக்குத் தெரியும். அதனால் விளையாட்டின் விதியையே மாற்றினார்.

அவர் போட்டது ஓர் ஏணி. அடியில் ஷெவர்லே, உச்சியில் காடிலாக், நடுவில் போண்டியாக், ஓல்ட்ஸ்மொபைல், பியூக். ஒவ்வொரு பர்ஸுக்கும் ஒரு கார். சம்பளம் உயர்ந்தால் ஒரு படி மேலே ஏறலாம். கையில் காசு இல்லாவிட்டாலும் பரவாயில்லை, தவணையில் ஏறலாம். அதற்காகவே 1919-ல் ஜி.எம். தனி நிதி நிறுவனம் தொடங்கியிருந்தது. ஃபோர்டோ கடன் வாங்கிக் கார் வாங்குவதையே ஒழுக்கக்கேடு போலப் பார்த்தவர்.

ஏணியில் ஏறத் தூண்ட ஒரு காரணம் வேண்டுமே? அதற்கு வந்தது நிறமும் வடிவமும். டூபான்ட் நிறுவனத்தின் 'டூகோ' பெயிண்ட் 1923-ல் ஜி.எம். காரில் முதன்முதலாக ஏறியது. இன்றும் பீரோவுக்கும் காருக்கும் 'டூகோ அடிப்பது' என்கிறார்களே, அதே பெயர்தான். அதுவரை காருக்கு வண்ணம் அடித்துக் காய வாரக்கணக்கில் ஆகும். டூகோ சில மணி நேரத்தில் காய்ந்துவிடும். வேகமும் வண்ணமும் ஒரே டப்பாவில் கிடைத்துவிட்டன.

1927-ல் இன்னொரு படி. ஹாலிவுட்டில் பிறந்து, சினிமாக்காரர்களுக்கு விசேஷமான கார் உடல்களைச் செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஹார்லி ஏர்ல் என்பவர் லாசால் காரை வடிவமைத்தார். அது பிடித்துப் போகவே, காரின் தோற்றத்துக்கென்றே தனியாக ஒரு துறையை உருவாக்கி அவரிடம் கொடுத்தார் ஸ்லோன். பெயர் 'கலை மற்றும் வண்ணப் பிரிவு'. அதற்கு முன்பு காரின் தோற்றம் பெரும்பாலும் இன்ஜினியர்களின் பொறுப்பு. இப்போது களிமண்ணில் காரைப் பிசைந்து பார்க்கிற கலைஞர்கள் உள்ளே வந்தார்கள்.

அதே 1927, மே மாதம். ஃபோர்டு மாடல் டி உற்பத்தியை நிறுத்தினார். அடுத்த காரான மாடல் ஏ டிசம்பரில்தான் மக்கள் முன் வந்தது. இடையில் அரை வருடம் தொழிற்சாலை புது காருக்காகத் தன்னையே மாற்றிக்கொண்டிருந்தது. அந்த வருடம் ஷெவர்லே ஃபோர்டை முந்தியது. கருவியை அலங்காரம் தோற்கடித்த வருடம் என்று சொன்னால் முழு உண்மை ஆகாது. ஷெவர்லே கருவியாகவும் நல்ல கார்தான். ஆனால் வாங்குபவர் கண்ணுக்கும் ஒரு ஓட்டு உண்டு என்பது அன்று நிரூபணமானது.

துடுப்பு வளர்ந்த கதை

ஆண்டுதோறும் புது மாடல் என்றால் ஆண்டுதோறும் புது கார் என்று அர்த்தமில்லை. அது கட்டுப்படியாகாது. அடிச்சட்டமும் இன்ஜினும் பெரும்பாலும் அதே. பல பிராண்டுகளுக்கு ஒரே உடல் கூடு. சில வருடங்களுக்கு ஒரு முறை பெரிய மாற்றம், இடைப்பட்ட வருடங்களில் கிரில், விளக்கு, குரோமியப் பட்டை என்று மேல்பூச்சு மாற்றம். இப்படித்தான் செலவைக் கட்டுக்குள் வைத்துப் புதுமையை விற்றார்கள்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் லாக்ஹீட் பி-38 போர் விமானத்தின் இரட்டை வாலைப் பார்த்து ஏர்லின் குழு மயங்கியது. விளைவு, 1948 காடிலாக்கின் பின்பக்கத்தில் இரண்டு சின்னப் புடைப்புகள். அடுத்த பத்து வருடத்தில் அவை வளர்ந்து வளர்ந்து 1959 காடிலாக்கில் உச்சத்தைத் தொட்டன. காரின் பின்னால் இரண்டு பெரிய துடுப்புகள், அதில் ராக்கெட் நெருப்பு போலச் சிவப்பு விளக்குகள். அந்தக் காரை நேரில் பார்க்காதவர்கள்கூடப் படத்தில் பார்த்திருப்பார்கள்.

சும்மா சொல்லக்கூடாது, ஏர்ல் எதையும் மறைக்கவில்லை. 1934-ல் ஒரு அமெரிக்கர் ஒரு காரை சராசரியாக ஐந்து வருடம் வைத்திருந்தார், 1955-ல் அது இரண்டு வருடமாகிவிட்டது, அது ஒரு வருடமாகும்போது முழு மார்க் என்கிற பொருளில் அவர் பேசியது பல புத்தகங்களில் பதிவாகியிருக்கிறது. பழசாக்குவதுதான் வேலை என்று பகிரங்கமாகவே சொன்ன காலம் அது.

இதற்கு ஆன செலவு? ஃபிராங்க்ளின் ஃபிஷர், ஸ்வி கிரிலிச்சஸ், கார்ல் கெய்சன் என்ற மூன்று பொருளாதார நிபுணர்கள் 1962-ல் ஒரு கணக்குப் போட்டார்கள். 1949-ல் இருந்த அளவிலும் சக்தியிலுமே கார்கள் தொடர்ந்திருந்தால் எவ்வளவு மிச்சமாகியிருக்கும் என்பது கேள்வி. 1956 முதல் 1960 வரை ஆண்டுக்குச் சுமார் 500 கோடி டாலர் என்று விடை வந்தது, கூடுதல் பெட்ரோல் செலவையும் சேர்த்து. அதை வீண் செலவு என்று அவர்கள் தீர்ப்புச் சொல்லவில்லை. மக்கள் விரும்பித்தானே வாங்கினார்கள்?

கண்ணின் தீர்ப்பு

இங்கே ஒரு சுவாரசியமான விஷயம். பழசாக்கும் வேலையில் கம்பெனி எவ்வளவு கெட்டிக்காரனாக இருந்தாலும், கடைசித் தீர்ப்பு வாங்குபவரின் கண்ணில்தான் இருந்தது. அந்தக் கண் பல முறை கம்பெனிகளைக் கவிழ்த்திருக்கிறது.

1934-ல் கிரைஸ்லர் நிறுவனம் 'ஏர்ஃப்ளோ' என்ற காரைக் கொண்டுவந்தது. காற்றுச் சுரங்கத்தில் சோதித்து உருவாக்கிய வளைவான உடல், பயணிகள் சக்கரங்களுக்கு நடுவில் உட்காரும்படி அமைத்த இருக்கைகள், குலுங்காத சவாரி. காராகப் பார்த்தால் காலத்தை மிஞ்சியது. ஆனால் அந்த மொட்டை மூக்கு ஜனங்களுக்குப் பிடிக்கவில்லை. 1937-க்குப் பிறகு ஏர்ஃப்ளோ இல்லை. இடையில் 1936-ல் வந்த லிங்கன் ஸெஃபயர் கிட்டத்தட்ட அதே வளைவுகளைக் கொஞ்சம் நாசூக்காகக் காட்டி நன்றாக விற்றது. ரேமண்ட் லோவி என்ற புகழ்பெற்ற வடிவமைப்பாளர் இதை ஒரு விதியாகவே சொன்னார்: எவ்வளவு முடியுமோ அவ்வளவு முன்னே போ, ஆனால் ஜனங்கள் ஏற்றுக்கொள்ளும் எல்லையைத் தாண்டாதே.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 2001-ல் பி.எம்.டபிள்யூ 7 வரிசையின் புது கார் வந்தபோது அதன் பின்பக்க டிக்கியைக் கிண்டலடிக்காத ஆள் இல்லை. வடிவமைப்புத் தலைவர் கிறிஸ் பேங்கிளை வேலையை விட்டு நீக்கச் சொல்லி இணையத்தில் கையெழுத்து இயக்கமே நடந்தது. கடைசியில் அந்தக் கார் அதற்கு முந்தைய 7 வரிசைக் கார்களைவிட அதிகம் விற்றது. ஆக, புது காரை முதல் நாள் பார்த்துச் சொல்லும் கருத்து பெரும்பாலும் அந்தக் காரைப் பற்றியது அல்ல, பார்ப்பவரின் பழக்கத்தைப் பற்றியது.

துடுப்புக் காலத்துக்கும் இந்தத் தீர்ப்பு வந்தது. 1957-ல் பிளிமத் கார் 1960-க்கான காரே இப்போது வந்துவிட்டது என்கிற தொனியில் விளம்பரம் செய்தது. அவசரமாகத் தயாரித்த அந்த வருடக் கிரைஸ்லர் கார்கள் சீக்கிரமே துருப்பிடித்துப் பெயரைக் கெடுத்துக்கொண்டன. அதே வருடம் செப்டம்பரில் ஃபோர்டு பெரிய ஆர்ப்பாட்டத்தோடு 'எட்செல்' காரை இறக்கியது. முகப்பைப் பார்த்துச் சிரித்தவர்கள் வாங்கியவர்களைவிட அதிகம். 1959 நவம்பரில் உற்பத்தி நின்றது. நஷ்டம் சுமார் 25 கோடி டாலர் என்று சொல்கிறார்கள்.

இந்த நேரத்தில்தான் ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு வண்டுக் கார் அமெரிக்காவில் ஊர்ந்து முன்னேறிக்கொண்டிருந்தது. ஃபோக்ஸ்வேகன் பீட்டில். வெளித்தோற்றம் வருடா வருடம் அதே. மாற்றங்களெல்லாம் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடங்களில். அதையே பெருமையாக விளம்பரமும் செய்தார்கள். 1972 பிப்ரவரி 17 அன்று பீட்டிலின் மொத்த உற்பத்தி மாடல் டி-யின் சாதனையைத் தாண்டியது. அலங்காரம் தோற்கடித்த கருவி 45 வருடம் கழித்து ஜெர்மன் பாஸ்போர்ட்டில் திரும்பி வந்தது.

மாறாமல் இருந்தாலும் ஆபத்துதான்

அப்படியானால் எதையும் மாற்றாமல் இருப்பதே நல்லதா? அதற்குப் பதில் இந்தியாவிலேயே இருக்கிறது. அம்பாசடர்!

பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசைக் காரை அடிப்படையாகக் கொண்டு 1950-களின் கடைசியில் மேற்கு வங்காளத்தின் உத்தர்பாராவில் தயாராகத் தொடங்கிய கார். மார்க் 2, மார்க் 3, மார்க் 4 என்று பெயர்கள் மாறின. மாறியது பெரும்பாலும் முன்பக்கக் கிரில்லும் விளக்குகளும். இறக்குமதிக்குத் தடை, உற்பத்திக்கு லைசென்ஸ், காருக்குப் பதிவு செய்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்கும் ஜனங்கள். இந்த நிலையில் எந்தக் கம்பெனி களிமண்ணில் காரைப் பிசைந்து பார்க்கும்?

1983 டிசம்பரில் மாருதி 800 வந்ததும் உண்மை வெளிவந்தது. அம்பாசடரை யாரும் திட்டமிட்டுப் பழசாக்கவில்லை. அது தானாகவே பழசாகி இருந்தது, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு கார் இல்லாததால் தெரியவில்லை. 1990-களின் தொடக்கத்தில் இசுஸு இன்ஜினைப் பொருத்தி மூச்சுக் கொடுத்தார்கள். பழைய உடம்பில் புது இதயம். டாக்ஸிக்காரர்களும் அரசாங்கமும் இன்னும் இருபது வருடம் ஓட்டினார்கள். 2014 மே மாதம் உற்பத்தி நின்றது. 2017-ல் அந்தப் பெயரை மட்டும் பிரெஞ்சு நிறுவனமான பெஜோ 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது.

ஆக மாற்றமே கூடாது என்பதல்ல விஷயம். மாற்றம் உள்ளே நடக்கிறதா, தோலில் நடக்கிறதா, அதை யார் முடிவு செய்கிறார்கள் என்பதுதான் விஷயம். இந்தக் கேள்வியோடு கணினிக்கு வருவோம்.

விஸ்டா என்னும் வால் துடுப்பு

1990-களில் கணினியை மாற்றியவர்கள் ஏமாந்தார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. 1995 ஆகஸ்டில் வந்த விண்டோஸ் 95-க்குக் குறைந்தது 4 எம்பி ரேம் போதும். 2001 அக்டோபரில் வந்த எக்ஸ்பி 64 எம்பி கேட்டது. ஆனால் பதிலுக்கு நிஜமாகவே கொடுத்தது. அடிக்கடி நீலத்திரை காட்டிப் படுத்துக்கொண்ட 98-ஐயும் எம்.இ-யையும் பார்த்தவர்களுக்கு எக்ஸ்பி ஒரு வரம். இதெல்லாம் இன்ஜின் மாற்றம்.

2007 ஜனவரி 30 அன்று கடைக்கு வந்த விஸ்டா வேறு ரகம். குறைந்தபட்சம் 512 எம்பி ரேம் கேட்டது, எக்ஸ்பியைப் போல எட்டு மடங்கு. சரியாக ஓட 1 ஜிபியாவது வேண்டும். பாதுகாப்பில் உள்ளே நல்ல மாற்றங்கள் இருந்தது உண்மை. ஆனால் விளம்பரத்தில் முன்னால் நின்றது 'ஏரோ' என்ற கண்ணாடித் தோற்றம், ஜன்னல்களின் ஓரம் பளபளவென்று ஒளி ஊடுருவும் அலங்காரம். துடுப்பு திரும்பி வந்துவிட்டது.

வேடிக்கை என்னவென்றால் அந்தத் துடுப்பு எல்லாருக்கும் தெரியாது. 2006-லேயே பல கணினிகளில் 'விஸ்டாவுக்குத் தகுதியானது' என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்றார்கள். அவற்றில் பல ஏரோவைக் காட்ட முடியாதவை, விஸ்டாவின் அடிப்படைப் பதிப்பு மட்டும் ஓடும். 2007-ல் சியாட்டிலில் வழக்குப் போட்டார்கள். வழக்கில் வெளியான உள் மின்னஞ்சல்களில் மைக்ரோசாஃப்டின் துணைத் தலைவர் ஒருவரே 2,100 டாலர் கொடுத்து வாங்கிய தம் மடிக்கணினி மின்னஞ்சல் பார்க்க மட்டுமே உதவுகிறது என்று புலம்பியிருந்தார். வீட்டுக்காரருக்கே அந்த நிலைமை! 2009-ல் அந்த வழக்கு கூட்டு வழக்கு என்ற தகுதியை இழந்தது.

ஆனால் வாங்குபவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். புது கணினியில் எக்ஸ்பி போட்டுத் தரச் சொல்லிக் கேட்டார்கள். 2007 கடைசியில் ஆசுஸ் நிறுவனம் லினக்ஸோடு 'ஈ பிசி' என்ற குட்டி மடிக்கணினியை விட்டது. அதில் விஸ்டா ஓடாது. வேறு வழியில்லாமல் குட்டி மடிக்கணினிகளுக்காக எக்ஸ்பியின் விற்பனையை 2010 வரை மைக்ரோசாஃப்ட் நீட்டித்தது. 2009 அக்டோபரில் வந்த விண்டோஸ் 7 விஸ்டாவைவிடப் பெரிதாக அதிகம் கேட்கவில்லை. எட்செலுக்குப் பிறகு அமெரிக்கக் கார்கள் கொஞ்சம் அடங்கியது போலவே.

இதுவரை இரண்டு கதையும் ஒன்றுதான். இனிமேல்தான் பிரிகிறது.

கண்ணிலிருந்து காலண்டருக்கு

1959 காடிலாக்கை ஒருவர் இன்று வைத்திருந்தால் அது பழைய கார். அவ்வளவுதான். பக்கத்து வீட்டுக்காரர் புது கார் வாங்கியதால் அதன் பிரேக் பலவீனமாகிவிடாது. இயங்குதளம் அப்படியல்ல. அதில் ஓட்டைகள் இருக்கும், அவை வருடங்கள் கழித்துக்கூடக் கண்டுபிடிக்கப்படும். கண்டுபிடித்தவன் திருடனாக இருந்தால் ஆபத்து. ஓட்டையை அடைக்கும் மூலநிரல் தயாரித்த கம்பெனியிடம் மட்டுமே இருக்கிறது. அவர்கள் அடைப்பதை நிறுத்தும் நாளில் அந்தக் கணினி நிஜமாகவே பலவீனமாகத் தொடங்குகிறது.

இது வெறும் பயமுறுத்தல் இல்லை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று முடிந்தது. 2017 மே மாதம் 'வான்னாக்ரை' என்ற பணயத் தாக்குதல் சுமார் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைப் பூட்டியது. பிரிட்டனின் பொது மருத்துவமனைகளில் சிகிச்சைகள் தள்ளிப்போயின. அதற்கான திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் இரண்டு மாதத்துக்கு முன்பே வெளியிட்டிருந்தது. மாட்டியவற்றில் பெரும்பாலானவை அந்தத் திருத்தத்தைப் போடாத விண்டோஸ் 7 கணினிகள். ஆதரவு முடிந்த எக்ஸ்பிக்குக்கூட விதிவிலக்காக ஒரு திருத்தம் கொடுத்தார்கள். "என் பழைய கணினியை நான் எப்படியும் வைத்திருப்பேன்" என்பவருக்கு இது ஒரு நல்ல பாடம்.

ஆகவே இயங்குதளத்தை மேம்படுத்துவது துடுப்பு மாற்றும் விஷயம் மட்டும் அல்ல. உள்ளே நிஜமான பிரேக்கும் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், பிரேக்கும் துடுப்பும் ஒரே பெட்டியில் வருகின்றன. பிரேக் வேண்டுமென்றால் துடுப்பையும் வாங்கியாக வேண்டும்.

2015 ஜூலை 29 அன்று விண்டோஸ் 10 வந்தது. 7, 8.1 வைத்திருந்தவர்களுக்கு ஒரு வருடம் இலவசம். நல்ல விஷயம்தான். ஆனால் 2016-ல் மேம்படுத்தச் சொல்லும் அறிவிப்பை மூட 'எக்ஸ்' குறியை அழுத்தினால்கூட அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்ட அழிச்சாட்டியமும் நடந்தது. இதுதான் கடைசி விண்டோஸ் என்று 2015-ல் மைக்ரோசாஃப்ட் மாநாட்டிலேயே அதன் ஊழியர் ஒருவர் பேசியிருந்தார். 2021 அக்டோபர் 5 அன்று விண்டோஸ் 11 வந்தது.

விண்டோஸ் 11 கேட்டது ரேமோ வேகமோ மட்டும் அல்ல. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும். கடவுச்சாவிகளைத் தனியாகப் பூட்டி வைக்கும் சில்லு அது. கூடவே பட்டியலில் உள்ள பிராசஸர் வேண்டும், இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குப் பிறகு. இதன்படி 2016-ல் ஒரு லட்சம் ரூபாய் கொடுத்து வாங்கிய 16 ஜிபி ரேம் மடிக்கணினிக்கு அனுமதி இல்லை. 4 ஜிபி ரேமோடு தவழுகிற 2018-ன் மலிவு செலரானுக்கு அனுமதி உண்டு. பாதுகாப்புக் காரணம் நியாயமானதாகவே இருக்கலாம். ஆனால் ஓடும் திறமைக்கும் இந்தத் தீர்ப்புக்கும் சம்பந்தம் இல்லை.

இப்படி வெளியே நிற்க வேண்டிய கணினிகள் 24 கோடி வரை குப்பைக்குப் போகலாம் என்று கனாலிஸ் என்ற சந்தை ஆய்வு நிறுவனம் 2023 டிசம்பரில் மதிப்பிட்டது. எதிர்ப்பு வலுத்ததும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை கூடுதல் பாதுகாப்புத் திருத்தங்கள் தர மைக்ரோசாஃப்ட் முன்வந்தது. 30 டாலர் கட்டலாம், அல்லது மைக்ரோசாஃப்ட் கணக்கில் அமைப்புகளைச் சேமித்து வைத்தால் பணம் வேண்டாம். ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு மட்டும் இலவசம்.

ஏர்லுக்குக்கூட இந்த அதிகாரம் கிடைத்ததில்லை. அவர் ஒரு காரைப் பழசாக்க வேண்டுமென்றால் அதைவிட அழகான ஒன்றைச் செய்து காட்ட வேண்டும். மயங்க மறுக்கும் உரிமை வாங்குபவரிடம் இருந்தது. மறுத்தவர்கள் எட்செலைக் கவிழ்த்தார்கள், பீட்டிலை வளர்த்தார்கள். இப்போது மயக்க வேண்டியதே இல்லை. காலண்டரில் ஒரு தேதியைக் குறித்தால் போதும். தீர்ப்பு கண்ணிலிருந்து காலண்டருக்கு மாறிவிட்டது.

யார் தேதி குறிக்க வேண்டும்?

மறுக்கும் வழி முழுவதும் அடைபடவில்லை என்பது ஒரு ஆறுதல். பழைய மடிக்கணினியின் ஹார்ட் டிஸ்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி போட்டால் பாதி மந்தம் போய்விடும். 2 ஜிபி ரேமில்கூட ஓடக்கூடிய லினக்ஸ் மின்ட் போன்ற இயங்குதளங்கள் இலவசம், அவற்றுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் வருகின்றன. அம்பாசடருக்கு இசுஸு இன்ஜின் போட்ட மாதிரி. ஆனால் டேலியும் ஃபோட்டோஷாப்பும் வேண்டும் என்பவருக்கு இந்த வழி கரடுமுரடானது.

தனி ஆளின் சாமர்த்தியத்தைத் தாண்டியும் ஒரு பாதை இருக்கிறது. அதுவும் கார்க் கதையிலேயே இருக்கிறது. 1965-ல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகம், கார் கம்பெனிகள் அலங்காரத்துக்குக் கொடுத்த கவனத்தைப் பாதுகாப்புக்குக் கொடுக்கவில்லை என்று போட்டு உடைத்தது. மறு வருடமே அமெரிக்காவில் வாகனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அன்றிலிருந்து துடுப்பை எப்படி வேண்டுமானாலும் வளர்க்கலாம், ஆனால் பாதுகாப்புக்குக் குறைந்தபட்ச அளவுகோலைக் கம்பெனி தானே குறித்துக்கொள்ள முடியாது. இந்தியாவிலும் சொந்தக் காருக்கு 15 வருடம் ஆனதும் சோதனைக்குக் கொண்டுபோய்ப் பதிவைப் புதுப்பிக்கிறார்கள். அந்தச் சோதனையில் பிரேக்கைப் பார்ப்பார்கள், விளக்கைப் பார்ப்பார்கள், புகையைப் பார்ப்பார்கள். தயாரித்த கம்பெனியிடம் போய் "இது இன்னும் ஓடலாமா" என்று யாரும் கேட்பதில்லை.

கணினி உலகில் இந்த மாதிரிச் சட்டம் இப்போதுதான் தலைகாட்டுகிறது. 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஸ்மார்ட்போன், டேப்லெட்டுகளுக்கு, அந்த மாடல் சந்தைக்கு வருவது நின்ற பிறகும் குறைந்தது ஐந்து வருடம் இயங்குதளப் புதுப்பிப்புகள் கிடைக்க வேண்டும் என்ற விதி நடைமுறைக்கு வந்தது. அந்த விதியில் மடிக்கணினி இல்லை. ஆனால் தேதியைக் கம்பெனி மட்டுமே குறிக்கக்கூடாது என்ற கொள்கை சட்டத்தில் ஏறியிருக்கிறது.

காரில் துடுப்பையும் பிரேக்கையும் பிரித்துப் பார்க்க ஜனங்களுக்கு ஏறக்குறைய நாற்பது வருடம் பிடித்தது. 1927-ல் தொடங்கியது, 1966-ல்தான் சட்டமானது. மடிக்கணினியில் அந்தப் பிரிவினை இன்னும் முடியவில்லை. அடுத்த முறை "உங்கள் கணினி தகுதியானதல்ல" என்று திரையில் வந்தால், புது மாடலைத் தேடும் முன்பு கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: தேய்ந்து போனது எது?